செம்மேட்டு வீட்டுக்குள் மணி பிளாண்ட்

மணி பிளாண்ட் சாகாத செடி என்று பெயர் வாங்கியது சமவெளியில். நாமக்கல்லிலோ சேலத்திலோ ஒரு பாட்டில் தண்ணீரில் கொடியைச் செருகிவிட்டு மறந்தாலும் அது பாட்டுக்கு இருக்கும். அதையே காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏற்றி, கொல்லிமலைமேல் உள்ள செம்மேட்டு வீட்டுக்குள் வைத்தால் நிலைமை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் அடியிலைகள் மஞ்சளாகும். மார்கழியில் தண்டு மண்ணைத் தொடும் இடம் கறுத்து இளகும். செடி வாடுகிறதே என்று வீட்டுக்காரர் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றுவார். அதோடு முடிந்தது.

மலைமேல் இந்தச் செடி தண்ணீர் இல்லாமல் சாவது அபூர்வம். குளிரில் ஊற்றிய தண்ணீரால்தான் சாகிறது. இந்த அத்தியாயத்தில் இடம், தொட்டி, மண், உரம் என்று எதைப் பேசினாலும், வேரைச் சுற்றி ஈரம் தேங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம். சிங்கோனியம், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா வைத்திருப்பவர்களும் இதையே பின்பற்றலாம். நான்கும் ஒரே குடும்பம்.

செடியைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்

இதன் சொந்த ஊர் பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மோரேயா தீவு. ஆண்டு முழுக்க வெதுவெதுப்பும் மர நிழலும் உள்ள இடம். செம்மேடோ கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல். அடிவாரத்தைவிட எப்போதும் ஐந்தாறு டிகிரி குறைவு. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போனால் மணி பிளாண்டின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். வளராத செடி தண்ணீர் குடிக்காது. 10 டிகிரியை ஒட்டி இறங்கினால் இலையிலேயே கறுப்புத் திட்டு விழும்.

இன்னொன்று, இது ஏறுகொடி. உங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் மிளகு எப்படிக் கணுவுக்குக் கணு பற்றுவேர் விட்டு ஏறுகிறதோ, அதே வழிதான் இதற்கும். மிளகு வளர்க்கத் தெரிந்தவருக்கு மணி பிளாண்டில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

வாங்குவதும் மலையேற்றுவதும்

செம்மேட்டில் ஆடி மாதம் வல்வில் ஓரி விழா நடக்கும்போது தோட்டக்கலைத் துறையின் மலர்க் கண்காட்சியும் சேர்ந்து வரும். பலருக்குச் செடி வாங்கும் ஆசை வருவது அப்போதுதான். வாங்குங்கள், ஆனால் அடுத்து வருவது மழையும் பனியும் என்பதை மனதில் வைத்து வாங்குங்கள். எனக்குப் பிடித்த மாதம் பங்குனி. முன்னால் மூன்று மாத வெயில் இருக்கும், செடி வேர் பிடித்துக்கொள்ளும்.

நர்சரியில் பார்க்க வேண்டியவை:

1. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல இருந்தால் மாவுப்பூச்சி. அந்தச் செடி வேண்டாம்.
2. தண்டின் அடியை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது.
3. தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். சில அழகுத் தொட்டிகளில் ஓட்டையே இருக்காது.
4. முதல் செடி என்றால் பச்சையில் மஞ்சள் தீற்று உள்ள சாதாரண வகையையே எடுங்கள். வெள்ளை அதிகமுள்ள மார்பிள் குயின், என்ஜாய் வகைகளுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், வளர்ச்சியும் மெதுவு. விலையும் கூட.

பஸ்ஸில் கொண்டுவரும்போது:

1. கிளம்புவதற்கு முந்தைய நாளே தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். புறப்படும் நேரத்தில் ஊற்றினால் வளைவுகளில் மண் குழம்பிச் சரியும்.
2. மண்ணின் மேல் கசக்கிய செய்தித்தாளை அழுத்தி வைத்து, குறுக்கே நூல் கட்டுங்கள்.
3. கொடியைத் தொட்டியைச் சுற்றி வளைத்துத் தாளால் தளர்வாகச் சுற்றுங்கள்.
4. காலடியில் வையுங்கள். சன்னலோரம் காற்றுக்குக் காட்டினால் இலை கிழியும்.
5. வீடு சேர்ந்ததும் சுற்றியதைப் பிரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் ஓர் இரவு இருந்தாலே இலை புழுங்கும்.

வந்த செடியை இரண்டு வாரம் தனியாக வையுங்கள். ஒளிந்திருக்கும் பூச்சி அதற்குள் வெளியே தெரிந்துவிடும். இந்த இரண்டு வாரத்தில் தொட்டி மாற்றவோ உரம் போடவோ வேண்டாம். ஓரிரு அடியிலை மஞ்சளாகி உதிர்வது சகஜம், பதறாதீர்கள்.

எங்கே வைப்பது

குளிருக்குப் பயந்து சன்னலைச் சிறிதாக வைத்துக் கட்டிய வீடுகள் செம்மேட்டில் நிறைய. ஓட்டு வீடானால் உள்ளே பகலிலும் விளக்கு வேண்டியிருக்கும். நமக்கு வெளிச்சமாகத் தெரியும் இடம் செடிக்கு இருட்டாக இருக்கலாம். சோதிக்க எளிய வழி: நண்பகலில் செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு நிழல் விழுந்தால் நல்ல இடம். மங்கலாகக் கை வடிவம் மட்டும் தெரிந்தால் செடி உயிரோடிருக்கும், வளராது. நிழலே விழவில்லையென்றால் அங்கே பிளாஸ்டிக் செடிதான் சரி.

கிழக்குச் சன்னல் முதல் தேர்வு. காலை இளவெயில் நேராகப் பட்டாலும் கெடுதல் இல்லை. வடக்கும் பரவாயில்லை. மேற்குச் சன்னலில் பங்குனி, சித்திரை மாலை வெயில் இலையைச் சுட்டுவிடும். ஒரு மெல்லிய வேட்டித்துணித் திரை போதும்.

மார்கழி, தை இரவுகளில் சன்னலோரத் தொட்டியை உள்சுவர்ப் பக்கம் நகர்த்திவிடுங்கள். இலை கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கவே கூடாது. தொடும் இடம் மறுநாள் கறுத்திருக்கும். குளிர்கிறதே என்று அடுப்பு பக்கத்தில் வைப்பது அதைவிட மோசம். அனலும் புகையும் சேர்ந்து இலை ஓரம் தீய்ந்துவிடும்.

சன்னல் வெளிச்சம் போதவில்லையென்றால் 9 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்றைச் செடிக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டு, பகலில் 10 மணி நேரம் எரியவிடலாம். இதற்கென்று விற்கும் ஊதா விளக்கு தேவையில்லை.

வைக்கக்கூடாத இடங்கள்: ஃபிரிட்ஜ், டி.வி., இன்வெர்ட்டர் ஆகியவற்றின் மேல். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே. தண்ணீர் வழிந்தால் ஷாக் அடிக்கும், கருவியும் போகும். தொங்குதொட்டி என்றால் ஈர மண்ணோடு தூக்கிப் பார்த்து, அந்த எடையைத் தாங்கும் கொக்கியைக் கூரைச் சட்டத்திலோ கான்கிரீட்டிலோ அடியுங்கள். கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் மேலே தொங்கவிட வேண்டாம்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி இதை விற்பார்கள். 1989-இல் நாசாவுக்காக நடந்த ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. ஆய்வு நடந்தது காற்றுப் புகாத அடைத்த பெட்டிக்குள். 2019-இல் வெளிவந்த மறுபரிசீலனை, சாதாரண வீட்டில் அந்தப் பலன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று கணக்குப் போட்டது. செம்மேட்டில் காற்று வேண்டுமானால் சன்னலைத் திறவுங்கள். செடியை அழகுக்காக வளருங்கள்.

தொட்டியும் மண்ணும்

சமவெளி நர்சரிகள் வெறும் தென்னை நார்க்கழிவில் செடியை வைத்து விற்கின்றன. எடை குறைவு, ஈரம் பிடிக்கும், அங்கே வெயிலுக்கு அது சரி. நம் குளிரில் அதே நார்க்கழிவு வாரக்கணக்கில் காயாமல் சொதசொதவென்று கிடக்கும். ஆகவே இந்த ஊரில் தொட்டி மாற்றுவது கட்டாயம். அதற்கேற்ற காலம் பங்குனி முதல் ஆனி வரை. ஆடிக்குப் பின் வாங்கிய செடியென்றால் அடுத்த பங்குனி வரை பழைய மண்ணிலேயே விட்டு, தண்ணீரை மட்டும் பாதியாகக் குறையுங்கள்.

பிளாஸ்டிக்கைவிட மண் தொட்டி இங்கே நல்லது. பக்கவாட்டிலும் ஈரம் வெளியேறும். பழைய தொட்டியைவிட இரண்டு அங்குலம் மட்டும் அகலமாக இருக்கட்டும். செடி பெரிதாக வரும் என்று அண்டாவில் நட்டால், வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தங்கிக் கெடும்.

கலவை, பங்குக் கணக்கில்:

சலித்த செம்மண் 2 பங்கு
கழுவிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு
கரடுமுரடான ஆற்று மணல் 1 பங்கு
மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு
அடுப்புக்கரித் துண்டு அல்லது கருக்கிய உமி, அரைப் பங்கு

எம்-சாண்ட் போடுவதானால் சலித்து, மாவு போன்ற தூளை எறிந்துவிடுங்கள். அது மண்ணைச் சிமென்ட் போல இறுக்கும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு முறை பிழிந்து கழுவினால் உப்பு போகும். 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் விரியும். இரண்டு மூன்று தொட்டிக்குச் சிறு கட்டியே மிச்சம்.

மூன்று எச்சரிக்கைகள். பட்டுப்போன மிளகுக்கொடியின் அடிமண்ணை எடுக்காதீர்கள். மிளகில் திடீர் வாடலை உண்டாக்கும் பைட்டோப்தோரா இனப் பூஞ்சாணம் மணி பிளாண்டின் வேரையும் தாக்கும். காட்டுக்குள் போய் இலைமக்கு அள்ளி வருவதும் வேண்டாம். அடுத்தது கோழி எரு. நாமக்கல் மாவட்டத்தில் அது கேட்ட இடத்தில் கிடைக்கும், மூட்டையாகவே கொடுப்பார்கள். பச்சையாகத் தொட்டியில் போட்டால் சூடு கிளம்பி வேர் வெந்துவிடும், வீடும் நாறும். பல மாதம் மக்கிக் கறுத்த எருவானாலும் தொட்டிக்கு ஒரு பிடிக்கு மேல் வேண்டாம்.

தொட்டி மாற்றும் வரிசை:

1. நான்கைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். மண் சற்றுக் காய்ந்தால்தான் வேர்க்கட்டு முழுசாக வெளியே வரும்.
2. ஓட்டையின் மேல் வளைந்த ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். ஓட்டை அடையக் கூடாது. அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி நிரப்பும் பழக்கம் தேவையற்றது; மண்ணுக்கான இடத்தைத்தான் அது பறிக்கும்.
3. தொட்டியைச் சாய்த்துத் தட்டிச் செடியை நழுவவிடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள்.
4. பழைய நார்க்கழிவை விரலால் மெதுவாக உதிருங்கள். முழுக்கப் போக வேண்டியதில்லை, பாதி போனால் போதும்.
5. நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். பழுப்பாக, வழுவழுப்பாக இருப்பதைக் கத்தரியுங்கள்.
6. முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வைத்துக் கலவையை நிரப்புங்கள். விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் காலியாக விடுங்கள்.
7. ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, வடிந்ததும் அடித்தட்டைக் காலி செய்யுங்கள்.

தண்ணீர்: இந்த அத்தியாயத்தின் முக்கியப் பகுதி

‘வாரம் இரண்டு முறை’ என்று செடியோடு வரும் அட்டையில் எழுதியிருக்கும். அதைக் கிழித்துப் போடுங்கள். நாளை எண்ணித் தண்ணீர் ஊற்றுவதுதான் இந்த ஊரில் முதல் தவறு. சித்திரையில் ஐந்து நாளில் காயும் மண், மார்கழிப் பனிமூட்டத்தில் இரண்டு வாரமானாலும் காயாது.

ஊற்றுவதற்கு முன் இவற்றில் ஏதாவது ஒரு சோதனை:

விரல்: ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். நுனியில் ஈரம் தெரிந்தால் இன்று தண்ணீர் இல்லை. குளிர்காலத்தில் விரல் ஏமாற்றும். குளிர்ந்த காய்ந்த மண்ணும் ஈரம் போலவே படும். அப்போது அடுத்த சோதனை.

ஈர்க்கு: விளக்குமாற்றிலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி, தொட்டியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தாலும் நிறம் கறுத்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது. உலர்ந்து வந்தால் ஊற்றலாம். மேல்மண் காய்ந்து அடிமண் நனைந்திருக்கும் நிலைமைதான் இங்கே அதிகம். அதைக் காட்டிக்கொடுப்பது ஈர்க்குதான்.

எடை: தண்ணீர் விட்ட அன்று தொட்டியைத் தூக்கி எடையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பழகினால் தூக்கிய உடனே தெரிந்துவிடும்.

ஆறங்குல மண் தொட்டிக்குத் தோராயக் கால அளவு கீழே. இது எப்போது சோதிக்க வேண்டும் என்பதற்கு மட்டும். சோதனையில் ஈரம் தெரிந்தால் ஊற்றக் கூடாது.

பங்குனி முதல் வைகாசி: 5 முதல் 7 நாள்
ஆனி முதல் ஆவணி: 7 முதல் 10 நாள்
புரட்டாசி முதல் கார்த்திகை: 10 முதல் 14 நாள்
மார்கழி, தை: 15 நாளுக்கு ஒருமுறை, சில வீடுகளில் 20 நாளும் ஆகும்
மாசி: 10 நாள்

பிளாஸ்டிக் தொட்டியானால் இன்னும் சில நாள் தள்ளிப்போடலாம்.

ஊற்றும் முறை:

1. காலை பத்து மணிக்கு மேல் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் ஈரத்தோடு இரவுக் குளிரும் சேரும்.
2. மார்கழியில் மாடித் தொட்டித் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். முந்தைய இரவே ஒரு குடத்தில் பிடித்துச் சமையலறையில் வைத்துவிடுங்கள். கை பொறுக்கும் தண்ணீரைத்தான் வேரும் பொறுக்கும். சுடுதண்ணீர் கலக்க வேண்டாம்.
3. அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றுங்கள். தினம் அரை டம்ளர் தெளிப்பது ஆகாது. மேல்மண் எப்போதும் நனைந்து, கீழ்வேர் எதுவும் பெறாது.
4. அரை மணி நேரம் கழித்து அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டுங்கள். இதை மட்டும் விடாமல் செய்தாலே பாதிச் செடிகள் பிழைக்கும்.

இலைமேல் தண்ணீர் தெளிக்கச் சொல்லும் அறிவுரை வறண்ட சமவெளிக்கானது. பனி உள்ளே புகும் வீட்டில் தெளித்தால் இலைப்புள்ளிதான் வரும். அதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடையுங்கள். விறகடுப்பு எரியும் வீட்டில் இலைமேல் கரிப்படலம் படியும். அங்கே வாரம் ஒருமுறை துடைத்தால் நல்லது. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. இலைத்துளை அடைபட்டு, தூசியும் ஒட்டும். வேண்டாம்.

வாடிய செடியைப் பார்த்தால்

இலை தொங்குவது இரண்டு காரணத்தால் வரும். மண் காய்ந்து இலை மெலிந்து சுருண்டால் தாகம். தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கி மஞ்சளானால் வேர் அழுகுகிறது. இரண்டாவதற்கு முதலாவதின் மருந்தைக் கொடுப்பதுதான் எல்லோரும் செய்வது. மண்ணிலிருந்து சிறு கறுப்பு ஈக்கள் கிளம்பினாலும், புளித்த வாடை வந்தாலும் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

அழுகிய செடியை மீட்க:

1. அன்றே தொட்டியிலிருந்து எடுங்கள். காய்ந்த பின் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.
2. வேரைத் தண்ணீரில் அலசி மண்ணைப் போக்குங்கள்.
3. பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, பழுப்பும் கறுப்புமான வேர் எல்லாவற்றையும் அறுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒருமுறை துடைக்க வேண்டும்.
4. பாதிக்கு மேல் வேர் போய்விட்டதா? தாய்ச்செடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். நல்ல கொடியிலிருந்து துண்டு எடுத்துப் புதிதாக வேர்விடச் செய்யுங்கள். தண்டும் கறுத்திருந்தால் கறுப்புக்கு இரண்டு கணு மேலே வெட்டுங்கள்.
5. மிச்சமுள்ள வேரை அதன் அளவுக்கேற்ற சிறு தொட்டியில், புதுக் கலவையில் நடுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டியில் போடாதீர்கள்.
6. சூடோமோனாஸ் பொடி லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஒருமுறை ஊற்றலாம். மிளகுக்கு வாங்கி வைத்திருப்பீர்களே, அதுவே போதும்.
7. ஆறு வாரம் உரம் கிடையாது.

மிளகுக்கும் காப்பிக்கும் அடிக்கும் போர்டோ கலவையையோ காப்பர் மருந்தையோ வீட்டுக்குள் தெளிக்காதீர்கள். தோட்டத்து மருந்து தோட்டத்தோடு நிற்கட்டும்.

உரம்

குறைவாகப் போட்டுக் கெட்ட மணி பிளாண்ட் கிடையாது. பங்குனி முதல் ஆவணி வரை மாதம் ஒருமுறை, 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு ஒரு கிராம், ஈர மண்ணில் ஊற்றினால் தாராளம். அல்லது தொட்டிக்கு ஒரு பிடி மண்புழு உரம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பஞ்சகவ்யம், கடலைப் புண்ணாக்குக் கரைசல் நல்லவைதான். வீட்டுக்குள் வாடை தாங்காது, ஈ மொய்க்கும். புரட்டாசி முதல் மாசி வரை எந்த உரமும் வேண்டாம்.

பூச்சி

மாவுப்பூச்சி, செதில் பூச்சி, செம்பேன் ஆகிய மூன்றும்தான் வருபவை. கோடையில் காற்று வறளும்போது இலையடியில் மெல்லிய வலை தெரிந்தால் செம்பேன்.

1. செடியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய், இலையின் இரண்டு பக்கமும் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். மண்மேல் பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொள்ளுங்கள்.
2. மாவுப்பூச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள்.
3. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது காதி சோப்பைக் கரைத்து, அதில் 5 மி.லி. வேப்பெண்ணெய் கலந்து வெளித்திண்ணையில் வைத்துத் தெளியுங்கள். வெயில் படாத நேரமாக இருக்கட்டும்.
4. ஏழு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. ஒரே தடவையில் முட்டை சாகாது.

கொடியை ஏற்றுவது

தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும், ஏற்றினால் பெரிதாகும். மரமேறிய மணி பிளாண்டில் முறம் அகலத்துக்கு இலை வந்து ஓரம் கிழிந்திருப்பதைச் சாலையோரம் பார்த்திருப்பீர்கள். அது வேறு செடியல்ல, இதே செடிதான்.

வீட்டுக்குள் அவ்வளவு வராவிட்டாலும், இரண்டு மூன்று அடி உயரக் கொம்பு நட்டால் கண்கூடான வித்தியாசம் தெரியும். கடைகளில் பாசி சுற்றிய கொம்பு விலைக்கு இருக்கிறது. அதற்காகச் சோலை மரத்துப் பாசியைச் சுரண்டாதீர்கள். ஒரு பி.வி.சி. குழாயில் தென்னங்கயிற்றை நெருக்கமாகச் சுற்றினால் போதும். கவாத்து செய்த சில்வர் ஓக் கிளை, பட்டை சொரசொரப்பாக இருந்தால் அதுவும் சரி. நன்றாகக் காய்ந்ததா பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் பூஞ்சாணம் பூக்கும். தொட்டி மாற்றும்போதே கொம்பை நட்டுவிட வேண்டும். பின்னால் குத்தினால் வேர் அறுபடும். கொடியின் கணு கொம்பைத் தொடும்படி வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். கயிற்றை மட்டும் அவ்வப்போது நனைத்தால் பற்றுவேர் பிடித்துக்கொள்ளும்.

கொடியிலிருந்து புதுச்செடி

திருடி நட்டால்தான் மணி பிளாண்ட் செழிக்கும் என்று ஒரு நம்பிக்கை. கணுவோடு ஒடித்தால் யார் வீட்டுக் கொடியும் வேர்விடும். அவசரத்தில் பிய்த்தெடுத்தது நுனி நசுங்கி அழுகும் வாய்ப்புதான் அதிகம். அக்கம்பக்கத்தில் கேளுங்கள், கத்தரியோடு வந்து வெட்டித் தருவார்கள்.

1. சித்திரை முதல் ஆவணிக்குள் எடுங்கள். மார்கழியில் எடுத்த துண்டு வேர்விடாமலே சும்மா நிற்கும்.
2. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணுவும் ஓர் இலையும் கட்டாயம். கணு இல்லாத இலையைத் தண்ணீரில் வைத்தால் அப்படியே இருக்கும், செடியாகாது.
3. கணுவுக்கு அரை அங்குலம் கீழே கூரிய கத்தியால் வெட்டுங்கள்.
4. கணு மூழ்க, இலை வெளியே நிற்க, நிறக் கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். நிறமற்ற பாட்டிலில் பாசி பிடிக்கும்.
5. வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றுங்கள். வெயில் காலத்தில் மூன்று நான்கு வாரம் ஆகும். மாதக்கணக்கில் தண்ணீரிலேயே வைத்திருந்த வேர் மண்ணுக்குப் பழகத் திணறும்.
6. ஒரு தொட்டியில் நான்கைந்து துண்டுகளைச் சேர்த்து நட்டால் அடர்த்தியாக வரும்.

தண்ணீரிலேயே வளர்ப்பவர்கள் கவனிக்க: மணி பிளாண்ட் பாட்டில் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். டெங்கு தடுப்புப் பணியாளர்கள் வீட்டுக்குள் வந்தால் முதலில் எட்டிப் பார்ப்பது இதையும் ஃபிரிட்ஜ் பின்தட்டையும்தான். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. வாயைப் பஞ்சால் அடைத்து வைப்பதும் உதவும்.

பிள்ளைகளும் பிராணிகளும்

சரியாக வேகாத கருணைக்கிழங்கைத் தின்றால் நாக்கு அரிக்கும் அல்லவா? அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் மணி பிளாண்டின் இலை, தண்டு முழுக்க இருக்கின்றன. கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், உதடு வீங்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் கொடி தரையைத் தொடக் கூடாது.

குழந்தை கடித்துவிட்டால்:

1. வாயிலுள்ள துண்டை விரலால் எடுத்து, ஈரத்துணியால் துடையுங்கள்.
2. குளிர்ந்த தண்ணீரால் வாயைக் கழுவி, சிறிது பால் கொடுங்கள்.
3. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எரிச்சல் இன்னொரு முறை தொண்டையைத் தொடும்.
4. கண்ணில் சாறு பட்டிருந்தால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.
5. நாக்கு வீங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள், 108-ஐ அழையுங்கள். இலை ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பூனை, நாய், ஆடு எல்லாவற்றுக்கும் இது ஆகாது. வெட்டிய கொடியை ஆட்டுக்குப் போடாதீர்கள். கொடி வெட்டிய பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிலருக்குச் சாறு பட்ட இடம் தடிக்கும்.

வெட்டிய கொடியை என்ன செய்வது

ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. வீட்டுக்குப் பின்னால் ஓடையோரம் எறிந்த ஒரு முழக் கொடி அடுத்த மழையில் வேர்விட்டு மரமேறிவிடும். இலங்கையில் கண்டி நகரை ஒட்டிய உடவத்தைக்கெலே காப்புக்காட்டில் பல ஹெக்டேர் நிலத்தை இது மூடிக்கொண்டுவிட்டது; நாட்டுச் செடிகளுக்கு வெளிச்சமே இல்லை. கொல்லிமலையின் சோலைகளும் ஓடைக்கரைகளும் அதற்கு ஏற்ற இடம்தான்: நிழலும் ஈரமும் ஏறுவதற்கு மரமும் உண்டு.

ஆகவே, கவாத்து செய்த கொடியைக் குப்பைக்குழியிலோ பள்ளத்திலோ பச்சையாகப் போடாதீர்கள். சிமென்ட் தரையில் அல்லது தகரத்தின் மேல் பரப்பி, ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை வெயிலில் காயவிட்டு, அதன் பிறகு எருக்குழியில் சேருங்கள்.